ஆறு பேரின் முதல் பாடல் ஒருவர் கணக்கில் ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் பிறந்த கன்ட்ரி இசையைப் பற்றி வந்திருந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் ஏடுகளில் அந்த இசைக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அரிது என்பதால் முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒரு சிறு குறிப்பைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. டயமண்ட் ரியோ என்னும் இசைக்குழு 1991இல் வெளியிட்ட முதல் சிங்கிளான ‘மீட் இன் த மிடில்’ பற்றிய குறிப்பு அது. அந்தப் பாடலைப் பாடகர் மார்ட்டி ரோவின் முதல் தனிப்பாடல் என்று அறிமுகப்படுத்தி, மற்ற ஐந்து பேரையும் பக்கவாத்தியக் கலைஞர்கள் என்ற ஒரே சொல்லில் முடித்து, முதல் முயற்சியிலேயே பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது அதிர்ஷ்டம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பாடல் எதற்காக நினைவில் வைக்கப்படுகிறதோ, அதையே அந்தக் குறிப்பு விட்டுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சிங்கிள் என்பதைத் தனிப்பாடல் என்று பெயர்த்தது பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றலாம். தமிழில் தனிப்பாடல் என்றால் காளமேகத்தின் வெண்பா நினைவுக்கு வரும். ஒரு நூலுக்குள் அடங்காமல் தனியே நிற்கும் செய்யுள் அது. இசை பற்றிய கட்டுரையில் அதே சொல்லைப் பார்க்கும் வாசகர், தனியாள் பாடிய பாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒலிப்பதிவுத் தொழிலில் சிங்கிள் என்பதற்கு இந்த இரண்டு பொருளும் இல்லை. ஆல்பத்திலிருந்து ஒரு பாடலைத் தனியே எடுத்து, கடையில் விற்பதற்காகவும் வானொலி நிலையங்கள் ஒலிபரப்புவதற்காகவும் அனுப்புவது என்பதே அதன் பொருள். அதைப் பாடியவர் ஒருவராகவும் இருக்கலாம், ஒரு குழுவாகவும் இருக்கலாம். சிங்கிள் என்று அப்படியே எழுதியிருந்தாலே போதும். நம் வாசகர்களுக்குப் புரியாத சொல் இல்லை அது.

அடுத்தது, கட்டுரை முழுவதும் கன்ட்ரி இசையை நாட்டுப்புறப் பாடல் என்றே குறிப்பிட்டிருப்பது. இதில் கட்டுரையாளரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அமெரிக்கர்களே இந்த இசைக்குப் பெயர் வைப்பதில் நெடுநாள் தடுமாறியவர்கள். 1925இல் ஒரு மலைநாட்டுக் குழு ஒலிப்பதிவை முடித்ததும், குழுவுக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது, நாங்கள் வெறும் ஹில்பில்லிகள்தானே, எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று அதன் தலைவர் ஆல் ஹாப்கின்ஸ் சொன்ன பதிலே குழுவின் பெயராகி, பின்னர் அந்த இசை வகைக்கே பெயராகிவிட்டது. பட்டிக்காட்டான் என்பதைப் போன்ற இளக்காரமான சொல் அது. 1944இல் அமெரிக்க இசைத்தொழில் இதழான பில்போர்டு, காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களில் அதிகம் ஒலித்த பாடல்களுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது, அதற்கு ஃபோக் என்றுதான் பெயரிட்டது. அந்த வகையில் நாட்டுப்புறம் என்ற மொழிபெயர்ப்புக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1949இல் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் என்ற பெயர் வந்தது. ஆனால் நாட்டுப்புறப் பாடல் என்று நாம் சொல்லும்போது ஆசிரியர் பெயர் தெரியாத, வாய்வழியாக வந்த பாட்டையே கருதுகிறோம். கன்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில்லின் பாடல்களுக்கோ எழுதியவர் பெயர், பதிப்புரிமை, ஒப்பந்தம் எல்லாம் உண்டு. ‘மீட் இன் த மிடில்’ பாடலையே சேபின் ஹார்ட்ஃபோர்டு, ஜிம் ஃபாஸ்டர், டான் ஃப்ரிம்மர் என்ற மூவர் சேர்ந்து எழுதினார்கள். மூவருமே டயமண்ட் ரியோ குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

அப்படியானால் அந்தப் பாடலில் குழுவுக்கென்று சொந்தமாக இருந்தது என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, நாஷ்வில்லில் ஒலித்தட்டு எப்படித் தயாராகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டென்னசி மாநிலத்தின் அந்த நகரத்தில் ஒலிப்பதிவு என்பது பெரும்பாலும் ஒரு பாடகரும், ஸ்டுடியோவில் வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட சில கலைஞர்களும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு பதிவு அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் சில பாடல்களை முடித்தாக வேண்டும். கலைஞர்கள் காலையில் ஒரு பாடகருக்கு வாசிப்பார்கள், பிற்பகலில் இன்னொருவருக்கு வாசிப்பார்கள். முன்கூட்டி ஒத்திகை கிடையாது. பாடலை ஒரு முறை கேட்டு, ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த எண்முறை சுவையானது. ஜார்டனேர்ஸ் என்ற குரலிசைக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் இறுதியில் உருவாக்கியது; கார்டு எனப்படும், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு ஒவ்வொன்றுக்கும் அதன் எழுத்துப் பெயரை எழுதாமல், சுருதியின் முதல் நிலையிலிருந்து எத்தனையாவது என்று எண்ணாக எழுதுவார்கள். பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்க வேண்டும் என்றால், தாளில் ஒரு கோட்டையும் மாற்றத் தேவையில்லை. ச ரி க ம எழுதிப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும்; எந்தக் கட்டையில் பாடினாலும் சட்ஜம் சட்ஜம்தானே.

இந்த ஏற்பாட்டில் பாடகர் நடுவில் இருக்கிறார், மற்றவர்கள் சுற்றி இருக்கிறார்கள். நம் கச்சேரி மேடையின் வரிசையும் இதுவே. எனவே பக்கவாத்தியம் என்ற சொல் நாஷ்வில்லின் பெரும்பாலான பதிவுகளுக்கு ஓரளவு பொருந்தும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பெயர் அழைப்பிதழில் இருக்கும், தனி ஆவர்த்தனம் அவருக்கென்று ஒதுக்கப்படும். ஸ்டுடியோக் கலைஞருக்கு அதுகூட இல்லை. ஒலித்தட்டின் முகப்பில் பாடகர் பெயர் மட்டும் இருக்கும். ஊர் ஊராகப் போகும்போது பாடகருடன் வருவதோ வேறு ஆட்களைக் கொண்ட ஒரு குழுவாக இருக்கும். ரசிகர் வானொலியில் கேட்ட கிட்டாரும் மேடையில் பார்க்கும் கிட்டாரும் வெவ்வேறு கைகளில் இருக்கும். இதுதான் அந்த ஊரின் வழக்கம். செலவுக் கணக்கிலும் நேரக் கணக்கிலும் நிறுவனங்களுக்கு இதுவே வசதி. ஆறு பேரைக் கொண்ட ஒரு குழுவை ஒப்பந்தம் செய்து, அவர்களையே ஸ்டுடியோவிலும் வாசிக்கவிட்டு, நேரத்துக்குள் முடிப்பார்களா என்று காத்திருக்கும் பொறுமை எந்த நிறுவனத்துக்கும் எளிதில் வருவதில்லை.

இந்தச் சுவரில் முதலில் பெரிய துளை போட்டது ஆலபாமா குழு. ராண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெஃப் குக் ஆகிய மூன்று உறவினர்களும் 1970களில் ஆண்டுக்கணக்கில், சவுத் கரோலினாவின் மர்ட்டில் பீச் கடற்கரையில் இருந்த ஒரு மதுக்கூடத்தில், வாடிக்கையாளர் போடும் சில்லறைக்கு வாசித்தவர்கள். 1977இல் ஒரு சிறு நிறுவனம் அவர்களுடைய சிங்கிளை வெளியிட்டது. அது பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 78ஆவது இடத்தோடு நின்றது. பிறகு அந்த நிறுவனமே நொடித்துப்போயிற்று. 1980இல் ஆர்சிஏ என்ற பெரிய ஒலித்தட்டு நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் சிங்கிள்தான் அவர்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனது. கன்ட்ரி இசையில் குழு என்பது விலைபோகும் என்று நிறுவனங்கள் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இருந்தும், ஆலபாமாவின் பல பதிவுகளில் ஸ்டுடியோக் கலைஞர்களும் வாசித்திருக்கிறார்கள். மேடையில் குழு, ஸ்டுடியோவில் பழைய வழக்கம் என்ற சமரசம் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

டயமண்ட் ரியோவின் முதல் சிங்கிள் வந்தது இந்தப் பின்னணியில். அதில் கேட்கும் ஒவ்வொரு வாத்தியத்தையும் குழுவைச் சேர்ந்தவரே வாசித்தார். ஒவ்வொரு குரலும் குழுவைச் சேர்ந்தவருடையதே. வெளியாள் ஒருவரும் இல்லை. அதன் பிறகு வந்த பெரும்பாலான ஆல்பங்களிலும் அவர்கள் இந்த முறையை விட்டுவிடவில்லை. கட்டுரையாளர் ஒரே சொல்லில் முடித்த அந்த ஐவரின் பெயர்களை இங்கே எழுதிவிடுகிறேன். மின்கிட்டார் ஜிம்மி ஓலாண்டர்; மாண்டலினும் உச்சக் குரலும் ஜீன் ஜான்சன்; பேஸ் கிட்டாரும் கீழ்க்குரலும் டேனா வில்லியம்ஸ்; பியானோ டான் ட்ரூமன்; டிரம்ஸ் பிரையன் ப்ரவுட். இவர்களோடு முதற்குரலாகவும் அக்குஸ்டிக் கிட்டாருடனும் மார்ட்டி ரோ. என்னிடம் உள்ள ஒலிநாடாவின் உறையை விரித்தால், மடிப்புக்குள் பொடி எழுத்தில் இந்த ஆறு பெயர்களும் வாத்தியப் பெயர்களோடு இருக்கின்றன. மூக்குக்கண்ணாடி இல்லாமல் இப்போது என்னால் அதைப் படிக்க முடிவதில்லை என்றாலும் இருக்கின்றன.

இவர்கள் திடீரென்று கூடியவர்களும் அல்லர். நாஷ்வில்லில் அப்போது இருந்த ஆப்ரிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1982இல் ஒரு படகுச் சவாரியைத் திறந்தபோது, அதை விளம்பரப்படுத்தக் கூட்டப்பட்ட கிரிஸ்லி ரிவர் பாய்ஸ் என்ற குழுதான் இதன் தொடக்கம். சவாரியின் பெயரையே குழுவுக்கும் ஒட்டியிருந்தார்கள். பின்னர் டென்னசி ரிவர் பாய்ஸ் என்று ஆனது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பின்னாளில் தனிப் பாடகராகப் பெயர் பெற்ற டை ஹெர்ண்டன்கூடத் தொடக்க நாட்களில் அங்கே இருந்தவர். ஜீன் ஜான்சன், பாஞ்சோ, மாண்டலின் போன்ற கம்பி வாத்தியங்களைக் கொண்டு வாசிக்கும் புளூகிராஸ் என்ற இசையில் ஊறியவர், ஜே. டி. குரோவின் குழுவில் வாசித்தவர். டேனா வில்லியம்ஸின் தாய்மாமன்கள் புளூகிராஸ் உலகில் பேர்பெற்ற ஆஸ்போர்ன் சகோதரர்கள். கடைசியில் குழுவுக்கு டயமண்ட் ரியோ என்ற பெயரை வைத்தார்கள். அது டயமண்ட் ரியோ என்ற லாரி நிறுவனத்தின் பெயர். ஆங்கிலத்தில் அந்த நிறுவனம் எழுதிய எழுத்துக்கும் குழு எழுதும் எழுத்துக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். பிழையாக எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அந்தப் பிழை நம் கண்ணில் படுவதில்லை.

1982க்கும் 1991க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். முதல் பாடல் என்று நாம் சொல்வது அவர்களுடைய தொடக்கம் இல்லை. நம் மொழியில் இதற்கு அரங்கேற்றம் என்ற அருமையான சொல் இருக்கிறது. அரங்கேற்றம் செய்பவர் அன்றுதான் ஆடத் தொடங்கினார் என்று யாரும் நினைப்பதில்லை. அறிமுகம் என்ற சொல்லைவிட அந்தச் சொல்லே இந்தப் பாடலுக்குப் பொருந்தும். அதிர்ஷ்டம் என்று எழுதியவர் இந்த ஒன்பது ஆண்டுகளைப் பார்த்திருந்தால் வேறு சொல்லைத் தேடியிருப்பார் என்று நம்புகிறேன்.

இனி பாடலுக்கு வருகிறேன். கதை சிறியது. அக்கம்பக்கத்தில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். அவன் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு உள்ள தொலைவைப் பாடல் மைலில் சொல்லவில்லை. வேலிக் கம்பங்களை எண்ணிச் சொல்கிறது, எழுநூறு கம்பங்கள் என்று. கூப்பிடு தூரம் என்று நாம் சொல்வதைப் போல, அந்த மண்ணில் நடந்து பழகிய பிள்ளையின் அளவை அது. வேலியையே நோட்டம் விட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்குத்தான் கம்பங்களின் எண்ணிக்கை தெரியும். இருவரும் நடுவழியில் ஒரு பைன் மரத்தடியில் சந்திக்கிறார்கள். பிறகு வளர்ந்து மணம் முடித்து, பிணக்கு வரும்போதும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதே போல நடுவில் சந்திக்கிறார்கள். இவ்வளவுதான் கதை. ஒரு வானொலிப் பாடலுக்கு வேண்டிய அளவு எளிமை, அதற்கு மேல் ஆழம் இருப்பதாக நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் அது பாடப்படும் விதத்தைக் கேளுங்கள். சரணத்தில் ரோ தனியே பாடுகிறார். பல்லவி வரும்போது ஜான்சனின் குரல் மேலேயும் வில்லியம்ஸின் குரல் கீழேயும் வந்து சேர்கின்றன. மூன்று குரலும் ஒரே சொல்லை ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் விடுகின்றன. இது புளூகிராஸ் குடும்பங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பாடிப் பழகினால் மட்டுமே வாய்க்கும் ஒழுங்கு. நடுவில் சந்திப்பது என்று சொல்லும் பல்லவியில்தான் மூன்று குரல்களும் சந்திக்கின்றன என்பதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. காதுக்கு அது அப்படித்தான் கேட்கிறது. ரோவின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிட்டால் பல்லவிக்குப் பொருளே போய்விடும்.

கிட்டாரைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். கன்ட்ரி பாடல்களில் வழுக்கிக்கொண்டு நெளியும் ஓர் ஒலி கேட்குமே, அது பொதுவாகப் பெடல் ஸ்டீல் என்ற வாத்தியத்திலிருந்து வருவது. மேசை போல நான்கு கால்களில் நிற்கும் அதைக் காலாலும் முழங்காலாலும் இயக்கிக் கம்பிகளின் சுருதியை மாற்றுவார்கள். டயமண்ட் ரியோவில் அந்த வாத்தியம் வாசிப்பவரே கிடையாது. வேறு குழுவாக இருந்தால், ஸ்டுடியோக் கலைஞர் ஒருவரை அழைத்து அந்த இடத்தை நிரப்பியிருப்பார்கள். ஓலாண்டர் தன் டெலிகாஸ்டர் கிட்டாரிலேயே அதை வாசித்தார். அதன் உடலுக்குள் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கிட்டாரைத் தோளில் தொங்கவிடும் வார் மாட்டியிருக்கும் கொக்கியோடு அது இணைந்திருக்கும். வாசித்துக்கொண்டே கிட்டாரின் கழுத்தைச் சற்றுக் கீழே அழுத்தினால், ஒரு கம்பி மட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறி, விட்டால் இறங்கும். மற்ற கம்பிகள் அசையாமல் இருக்க, ஒரு ஸ்வரம் மட்டும் அவற்றுக்கிடையே நழுவிப் போகும். விரலால் இழுத்துக் கமகம் கொடுப்பதை நாம் வீணையில் கேட்டிருக்கிறோம். இங்கே தோள் அந்த வேலையைச் செய்கிறது. கிளாரன்ஸ் ஒயிட், ஜீன் பார்சன்ஸ் என்ற இரு கலைஞர்கள் 1960களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த பொறி அது. ஓலாண்டர் பயன்படுத்தியதோ இரண்டு கம்பிகளை அப்படி இழுக்கக்கூடியது. வெளியாள் வேண்டாம் என்று முடிவெடுத்த குழு, இல்லாத வாத்தியத்தின் வேலையை இருக்கிற வாத்தியத்திலிருந்தே வாங்கிக்கொண்டது. இதைச் செய்தவரைப் பக்கவாத்தியம் என்று எழுதிக் கடந்துபோவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

முதலிடம் என்பதன் பொருளையும் சொல்ல வேண்டும். 1990 ஜனவரி வரை பில்போர்டின் கன்ட்ரி பட்டியல், எந்தப் பாடலை எவ்வளவு ஒலிபரப்பினோம் என்று வானொலி நிலையங்களே தரும் அறிக்கையை நம்பித் தயாரானது. அறிக்கை என்றால் அதில் முகதாட்சண்யமும் உண்டு, நிறுவனத்தாரின் நச்சரிப்பும் உண்டு. அந்த ஜனவரியிலிருந்து ஒலிபரப்பைக் கணினியே கேட்டுக் கணக்கெடுக்கும் முறை வந்தது. அதற்கு மறு ஆண்டில், நிஜமாக ஒலித்த எண்ணிக்கையை வைத்து ‘மீட் இன் த மிடில்’ இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி இசையில் ஒரு குழுவின் முதல் சிங்கிள் முதலிடத்தை எட்டியது அதுவே முதல் முறை. அந்த ‘குழு’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் இந்தச் சாதனையே இல்லை. தனிப் பாடகர்கள் பலர் அதற்கு முன்பே அதைச் செய்திருக்கிறார்கள். மார்ட்டி ரோவின் பாடல் என்று எழுதியதால், செய்தியின் உயிரே போய்விட்டது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

யார் பெயரைப் போடுவது என்ற இந்தச் சச்சரவு கன்ட்ரி இசையில் இன்று நேற்று வந்ததில்லை. 1927 ஜூலை இறுதியில், டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஊரில், விக்டர் என்ற ஒலித்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். சில நாட்களில் 19 கலைஞர்களையும் குழுக்களையும் கொண்டு 76 பாடல்களைப் பதிவு செய்தார். அங்கே ஜிம்மி ராஜர்ஸ் ஒரு குழுவோடு வந்திருந்தார். ஒலித்தட்டில் குழுவின் பெயரை எப்படிப் போடுவது என்ற தகராறில் பதிவுக்கு முந்தைய இரவே பிரிந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று ராஜர்ஸ் கிட்டாரோடு தனியே நின்று இரண்டு பாடல்களைப் பாடினார். குழுவினர் டென்னீவா ராம்ப்ளர்ஸ் என்ற பெயரில் அதே நாளில் தனியாகப் பதிவு செய்தார்கள். ராஜர்ஸ் பெயர் இன்றும் கன்ட்ரி இசையின் தந்தை என்று சொல்லப்படுகிறது. அந்த மற்றவர்களை இசை வரலாற்றின் அடிக்குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

அதே பிரிஸ்டலில் அதே வாரம் இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட சகோதரியும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல் ஆகிய மூவரும், தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, கரடுமுரடான பாதையில் வந்தார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. இரண்டு நாளில் ஆறு பாடல்கள். பாடியவர் பெரும்பாலும் சாரா. கட்டை விரலால் தடித்த கம்பிகளில் மெட்டையும் மற்ற விரலால் மெல்லிய கம்பிகளில் தாளத்தையும் ஒரே நேரத்தில் வாசித்தவர் மேபெல். அந்த வாசிப்பைப் பின்பற்றாத கிட்டார் கலைஞர் கன்ட்ரி இசையில் குறைவு. அந்த ஆண்டு இறுதியில் வந்த அவர்களுடைய முதல் ஒலித்தட்டில் கார்ட்டர் ஃபேமிலி என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். பாடியவரின் பெயரை மட்டும் போட்டிருந்தால் மேபெலின் கைகள் அன்றைக்கே மறைந்திருக்கும்.

முதல் பாடலின் வெற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதிடவில்லை. 2006இல் ஹார்ட்லேண்ட் என்ற குழுவின் முதல் சிங்கிளும் முதலிடத்துக்கு வந்தது. அந்த உயரத்தை அக்குழு பிறகு எட்டவே இல்லை. 2008இல் ஸாக் பிரவுன் பேண்ட் தன் முதல் சிங்கிளால் முதலிடம் பெற்றபோது, அந்தப் பாடல் ஏற்கெனவே 2006இல் வேறொரு குழுவின் பதிவாக வந்து திரும்பப் பெறப்பட்ட பாடல். ஒவ்வொரு முதல் பாடலுக்கும் ஒரு தனிக் கதை இருக்கிறது. டயமண்ட் ரியோவின் கதையில் குறிப்பிடத்தக்கது, முதல் பாடலில் வாசித்த அதே ஆறு பேரும் 2022 வரை பிரியாமல் இருந்தார்கள் என்பது. அமெரிக்க கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருதை 1992, 1993, 1994, 1997 என நான்கு முறை வாங்கினார்கள். விருதின் பெயர் குரலிசைக் குழு என்பது ஒரு வேடிக்கை. வாத்தியமே தங்கள் அடையாளம் என்று நின்றவர்களுக்கு, அங்கேயும் குரலை முன்வைத்துத்தான் பரிசு கொடுத்தார்கள். எனவே தங்கள் கட்டுரையாளர் மட்டும் செய்த தவறு இல்லை இது என்று ஆறுதல் கொள்ளலாம்.

கட்டுரையின் பிற பகுதிகள் மீது எனக்கு மனக்குறை இல்லை. நாஷ்வில்லின் ரைமன் அரங்கத்தையும் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சியையும் பற்றிய பத்திகள் அழகாக இருந்தன. ஆனால் இனி ஓர் இசைக்குழுவின் முதல் வெளியீட்டைப் பற்றி எழுதும்போது, குழுவின் பெயரை முதலிலும், அதில் யார் எந்த வாத்தியம் வாசித்தார், யார் எந்தக் குரல் பாடினார், பாடலை எழுதியவர் யார் என்பதை அடுத்தும் கொடுத்தால், வாசகர்கள் அந்தப் பாடலைத் தேடிக் கேட்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். திரைப்பாடல் என்றால் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்று மூன்று பெயர்களையும் தவறாமல் போடும் தங்கள் ஏட்டுக்கு இது புதிய பழக்கமும் இல்லை.

வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது என்பதை அறிவேன். இடம் போதாவிட்டால் எண்முறையையும் பிரிஸ்டலையும் லாரிக் கதையையும் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். ஆறு பேரின் பெயர்களும் அவர்கள் வாசித்த வாத்தியங்களும் உள்ள வரிகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்